அக்கரை இல்லாத தண்டவாளம்

மண்டபத்தில் நான் டீ குடிக்கும் கடையில் 2025 ஏப்ரலிலிருந்து ஒரே கேள்விதான். "அண்ணே, புதுப் பாலம் வந்துருச்சு. தனுஷ்கோடிக்கு எப்ப ரயில் விடுவீங்க?" நான் ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகிறது. என் கையில் பச்சைக் கொடியும் இல்லை, சிவப்புக் கொடியும் இல்லை. முப்பத்தைந்து வருஷம் தண்டவாளம் பராமரித்தவன் என்பதால் கடைக்காரருக்கு நான்தான் ரயில்வே. முதல் நாள் "அதெல்லாம் வராதுய்யா" என்றேன். மனுஷன் முகம் தொங்கிப்போனது. மறுநாள் பாவமாயிருந்து, "போடணும்னா போடலாம்" என்றேன். இரண்டும் பொய்யில்லை. ஆனால் அதை விளக்கிச் சொல்வதற்குள் டீ ஆறிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு தப்பைத் திருத்திவிடுகிறேன். ராமேஸ்வரம் போய், அங்கிருந்து தனுஷ்கோடிக்கு ரயில் போனது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாம்பன்தான் ஜங்ஷன். மெயின் லைன் பாம்பனிலிருந்து நேரே தனுஷ்கோடிக்கு. ராமேஸ்வரம் வெறும் கிளை. சாமி கும்பிடப் போகிறவர்கள் பாம்பனில் மாறிக்கொள்ள வேண்டியதுதான். சிலோன் போகிறவனுக்குத்தான் மெயின் லைன். தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் கணக்கு அப்படி. இப்போது "பழைய பாதையை மறுபடி போடுவோம்" என்று காகிதத்தில் இருப்பதோ ராமேஸ்வரத்தில் தொடங்கும் 17 கிலோமீட்டர் சொச்சம். பழைய ஊருக்குப் போகும் புதுப் பாதை என்று அதைச் சொல்லலாம். பழைய பாதை என்று சொன்னால் எங்கள் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார்.

அப்பா அந்த லைனில் கீமேன். அவரிடம் வருகிறேன்.

பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24-ல் திறந்தது. அதற்கு முன்னால் கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏறி ஒரு ராத்திரி முழுக்கக் கடலில் உருள வேண்டும். பாலம் வந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயில், அங்கே கப்பலேறி முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலே கடல், இறங்கினால் தலைமன்னாரில் அடுத்த ரயில். எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட் கொழும்பு கோட்டை வரைக்கும் செல்லும். முதலில் ஓடிய கப்பல்கள் கர்சன், எல்ஜின், ஹார்டிங்; பிற்பாடு இர்வின், கோஷன். துரைமார் பெயரைத் தண்ணீரில் மிதக்க விடுவது அந்தக் காலத்து மரியாதை போலிருக்கிறது. அந்தத் தொடர்பின் பெயரைச் சுமந்துகொண்டு இன்றும் சென்னையிலிருந்து ஒரு வண்டி ராமேஸ்வரம் வருகிறது: போட் மெயில். போட் போய் நாற்பது வருஷமாகிறது.

கப்பலுக்கு இந்தப் பக்கம் மீட்டர் கேஜ், அந்தப் பக்கம் பிராட் கேஜ். ஆகவே பெட்டியை அப்படியே கப்பலில் ஏற்றி அக்கரையில் இறக்கி ஓட்டும் பேச்சுக்கே இடமில்லை. ஆள்தான் இறங்கி ஏற வேண்டும். அதனால்தான் அந்த மணல் திட்டில் ஒரு ஊரே முளைத்தது. சுங்கச் சாவடி, தபாலாபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாதா கோயில், ரயில்வே குவார்ட்டர்ஸ், சுமைகூலிகள். இரண்டு கேஜும் ஒன்றாக இருந்திருந்தால் தனுஷ்கோடி வண்டி நின்று போகும் இடமாகத்தான் இருந்திருக்கும், ஊராகியிருக்காது என்பது என் கட்சி. யார் போனார்கள் என்று கேட்டால், துரைமார்களையும் வியாபாரிகளையும் பற்றித்தான் எழுதுகிறார்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகளை மண்டபம் கேம்ப்பில் சில நாள் அடைத்துவைத்து, அம்மையும் காலராவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் வண்டியேற்றுவார்கள். எங்கள் வீட்டுக்கு நடக்கிற தூரத்தில்தான் அந்த கேம்ப்.

இனி அப்பா. கீமேன் என்றால், ஒரு பீட்டில் தினமும் நடந்து, ஸ்லீப்பரில் கழன்று நிற்கிற கீயை அடித்து இறுக்கி, பிஷ் பிளேட் போல்ட்டை முடுக்கி, தண்டவாளத்தில் வெடிப்பு கிடிப்பு உண்டா என்று பார்த்துக்கொண்டே போகிற ஆள். தோளில் சுத்தியலும் ஸ்பானரும், கையில் இரண்டு கொடி. தெற்கே ஆண்கடல், வடக்கே பெண்கடல், நடுவே அப்பா. மன்னார் வளைகுடா இரைச்சல் போடுவதால் ஆண்; பாக் நீரிணை குளம் மாதிரிக் கிடப்பதால் பெண். அந்த நாளையில் வைத்த பெயர். கல்யாணமானவர்கள் இதற்கு வேறு விளக்கம் சொல்லக்கூடும்.

கச்சான் காற்று எழுந்தால் ஆண்கடல் மணல் தண்டவாளத்தின் மேலே ஏறும். வாடையடித்தால் அந்தப் பக்கத்து மணல். கேங்குக்கு அங்கே பாதி வேலை மண்வெட்டியும் கூடையும்தான் என்பார் அப்பா. பனையோலையில் படல் கட்டிப் பார்த்தார்களாம்; படல் மூடிப்போய், அதுவே ஒரு மேடாகி, அடுத்த காற்றுக்கு அந்த மேடும் லைனுக்கு வந்துவிட்டதாம். "சாயங்காலம் அள்ளுன இடத்தைக் காலையில தேடுவோம்டா" என்பார்.

மணல் ஏறினால் தள்ளிவிட்டுப் போகலாமே என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி போடுவது அழகுக்கு இல்லை. வண்டியின் கனத்தை அது வாங்கிப் பரப்பிவிட வேண்டும், தண்ணீரை வடிய விட வேண்டும், வண்டி போன பிறகு கொஞ்சம் நிமிர்ந்துகொள்ள வேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். அந்த இடைவெளியில் மணல் புகுந்து உப்புத் தண்ணீரில் ஊறி இறுகிவிட்டால், சிமெண்டுத் தரையில் ஸ்லீப்பரைக் கிடத்தியது மாதிரிதான். ஸ்லீப்பர் அடி வாங்கும், தண்டவாளம் அடி வாங்கும். மேலே ஈர மணல் மூடிக் கிடக்கிற இடத்தில் தண்டவாளத்தின் பாதம் துருப்பிடித்துச் செதில் செதிலாக உரியும். கண்ணுக்குத் தெரிவது மேல்பக்கம் மட்டும். அது சக்கரம் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாய் மின்னிக்கொண்டிருக்கும்.

இதை நான் கண்டுபிடித்தது கண்ணால் இல்லை, காதால். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பா என்னை மண்டபத்துக்குப் பக்கத்தில் லைனுக்குக் கூட்டிப் போனார். அவருடைய சுத்தியலால் ஒரு இடத்தில் தட்டினார். ணங்கென்று ஒரு சத்தம், தொலைவு வரை ஓடிற்று. பத்தடி தள்ளி மறுபடி தட்டினார். அந்தச் சத்தம் எழுந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. குனிந்து ஜல்லியை ஒதுக்கிக் காட்டினார். பாதம் பொரிவிளங்காய் உருண்டை உதிர்கிற மாதிரி விரலோடு வந்தது. "இதைப் புத்தகத்துல போட்டிருக்கானா?" என்று கேட்டார். போட்டிருந்தார்கள்தான். நான் இல்லை என்று தலையாட்டினேன். அப்பாவின் முகத்தில் அன்றைக்குப் பெருமை.

1964 ஜூன் மாதம் அப்பாவை மானாமதுரைப் பக்கம் மாற்றினார்கள். மீன் கிடைக்காத ஊருக்குத் துரத்துகிறார்களே என்று அம்மா ஆபீஸ்காரர்களைச் சபித்துத் தள்ளினாள். டிசம்பர் 22 ராத்திரி புயல். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய 653 பாசஞ்சர் ஊருக்கு எட்டின தூரத்தில் சிக்னல் விழாமல் நின்றதும், பிறகு இருபது அடிக்கு மேல் எழுந்த அலையில் மொத்தமாகப் போனதும் எல்லாரும் எழுதிவிட்ட கதை. ரயில்வே கணக்கில் 115 பேர். டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். அம்மா தன் சாபத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அப்பாவின் பீட்டுக்கு மாற்றாக வந்தவரைப் பற்றி அப்பா கடைசி வரை பேசியதில்லை. நான் கேட்டதுமில்லை.

இதே புயலில் பாம்பன் பாலத்தின் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட இரும்பு கர்டர்கள் கடலுக்குள் போயின. ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினியரை அனுப்பினார்கள். பிற்காலத்தில் கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ என்று பெயர் வாங்கியவர். கடலுக்கடியில் கிடந்த கர்டர்களைக் கண்டுபிடித்து எடுத்து, திரும்பத் தூக்கி உட்காரவைத்து 46 நாளில் வண்டி ஓட விட்டார். எங்கள் தொழிலில் இது புராணம். நானும் ஜூனியர்களுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் சொல்லும்போது ஒன்றை விழுங்கிவிடுவோம். தூண்கள் நின்றிருந்தன. நடுவிலிருந்த ஷெர்சர் தூக்குப்பாலமும் நின்றிருந்தது. உட்காரப் பலகை இருந்தது, ஆளைத் தூக்கி உட்காரவைத்தார்கள். ஸ்ரீதரனையே தனுஷ்கோடிக்கு அனுப்பியிருந்தாலும் அங்கே எதன்மேல் உட்காரவைப்பது? லைன் போன மண் கரையே கலைந்துவிட்டது. எங்கள் ஆட்கள் அந்த மேட்டைக் கரை என்றுதான் சொல்வோம். "கரை கெடந்தா தண்டவாளத்தை எப்ப வேணா போட்டுக்கலாம்" என்பது அப்பாவின் வாய்ப்பாடு.

வாழ லாயக்கில்லாத இடம் என்று அரசாங்கம் ஊரைத் தள்ளி வைத்தது. பாதையையும் கைவிட்டார்கள். அது பயத்தினால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. புயலுக்கு இரண்டு மாதம்கூட முன்னால் இல்லை, 1964 அக்டோபர் 30-ல்தான் சாஸ்திரியும் இலங்கையின் சிறிமாவோ அம்மையாரும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா வாங்கிக்கொள்வதாக. ஆக, ஆளை அனுப்பிவைக்கப் போட்ட பாதைக்கு இனிமேல் வேலை ஆளைத் திரும்பக் கொண்டுவருவது. அதற்கு ராமேஸ்வரமே போதும். ராமானுஜம் என்ற கப்பல் தலைமன்னாரிலிருந்து நேராக ராமேஸ்வரம் வந்தது. இறங்கியவர்கள் மண்டபம் கேம்ப்புக்குத்தான் வந்தார்கள். தாத்தாவை அம்மை பார்த்து அனுப்பிய அதே கேம்ப்பில் பேரனுக்கு அரிசி அளந்தார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் அவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மண்டபத்து வெயிலில் வரிசையில் நின்றார்கள். வேறே சட்டை இல்லை. இலங்கையில் சண்டை முற்றி எண்பதுகளின் நடுவில் அந்தக் கப்பலும் நின்றது.

கைவிட்ட பாதையை மறுபடி போட முடியுமா என்றால், முடிந்திருக்கிறது. மதுரை போடி லைனை 1928-ல் போட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஐம்பதுகளில் திரும்பப் போட்டார்கள். கரை கிடந்தது, நிலம் ரயில்வேயிடமே இருந்தது, போடியில் ஏலக்காய் இருந்தது. அகலப்பாதையாக்கப் போகிறோம் என்று 2010 கடைசியில் மறுபடி மூடினார்களே, அப்போது தேனிக்கு வண்டி திரும்பி வர 2022 மே ஆயிற்று. போடிக்கு 2023 ஜூன். 90 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரை வருஷம். கல்லு, கம்பி, ஆள் எல்லாம் 1950-ஐ விட அதிகமாக இருந்தும் இத்தனை காலம். பணம் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் மருந்து மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் அப்படித்தான் ஆகும். 46 நாளையும் பன்னிரண்டரை வருஷத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பாதை போடுவதில் இன்ஜினியரின் பங்கு எவ்வளவு என்பது தெரியும். சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

யாழ்ப்பாணம் லைன் இன்னொன்று. 1990 ஜூனில் நின்றது. தண்டவாளமும் ஸ்லீப்பர் கட்டையும் பதுங்குகுழிக்குக் கூரையாகப் போய்விட்டன. போர் முடிந்த பிறகு இந்தியக் கடனில் நம்முடைய இர்கான் நிறுவனம் எடுத்துச் செய்தது. கண்ணிவெடியை அகற்றிய பிறகுதான் அங்கே அளவுச் சங்கிலியையே இழுக்க முடியும். 2013 செப்டம்பரில் கிளிநொச்சி, 2014 அக்டோபர் 13-ல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. கால் நூற்றாண்டு காடு மூடிக் கிடந்ததை நாலைந்து வருஷத்தில் முடித்தார்கள். வெடி புதைத்த நிலமானாலும் நிலம் அங்கேயே இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

தனுஷ்கோடியில் நிலம் நடக்கிறது. இதுதான் என் முதல் பதில், "வராது" என்ற பதில். 2019 மார்ச்சில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். 208 கோடி ரூபாய் மதிப்பு. கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு கோடி என்றால் இன்றைக்குப் பெரிய தொகையில்லை. 2 கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள புதுப் பாம்பன் பாலத்துக்கே 550 கோடி போயிற்று. மாநில அரசு நிலம் கொடுக்க இசையவில்லை. சூழல் கெடும் என்று காரணம். ரயில்காரன் என்ற முறையில் எனக்கு அப்போது கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால் ஞாயம் என்றே பட்டது. ஒரு பக்கம் மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா. மறுபக்கம் பூநாரைகள் வந்து இறங்கும் சேற்றுப் பரப்பு. 2025 ஜூனில் அதையும் சரணாலயமாக்கிவிட்டார்கள். இடையில் இருப்பது ஒடுங்கிய மணல் நாக்கு. அதிலும் 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு போட்டாகிவிட்டது. ரோட்டில் மணல் ஏறினால் ஒரு மண்தள்ளும் இயந்திரம் வந்து ஒதுக்கிவிட்டுப் போகும். லைனில் ஏறினால் அப்பாவின் கேங் வேண்டும்.

"போடலாம்" என்ற இரண்டாவது பதிலும் இருக்கிறதே. மணல் பறந்து போகிற மாதிரித் தூண் நட்டு உயரத்தில் கொண்டுபோகலாம். துருவுக்குப் பூச்சு இருக்கிறது, புதுப் பாலத்தில் அதைச் செய்துதான் இருக்கிறார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பழைய பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்திவைப்போம், அது மாதிரி இங்கேயும் நிறுத்தலாம். செலவு 208 கோடியில் அடங்காது. ஆனால் ஆகாத காரியமில்லை. ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி தனுஷ்கோடியில் நிற்கிறது. நானூறு பேர் இறங்குகிறார்கள். இடிந்த மாதா கோயிலில் பவளக் கல்லைத் தடவிப் பார்க்கிறார்கள், பழைய ஸ்டேஷன் சுவருக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், பொரித்த மீன் தின்கிறார்கள். அதே வண்டியில் திரும்புகிறார்கள். 1914-ல் அந்த வண்டியிலிருந்து இறங்கிய எவனும் அதே வண்டியில் திரும்பவில்லை. இதை நினைத்தால் எனக்கு ஒரு பாதைக்கு வேண்டிய ஆசையே வர மாட்டேனென்கிறது.

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து, 2018-ல், கொழும்பு போய் அங்கிருந்து ராத்திரி வண்டியில் தலைமன்னார் போனேன். ராமேஸ்வரத்திலிருந்து பார்த்தால் விளக்குத் தெரிகிற தூரம் என்று சின்ன வயதில் சொல்வார்கள். நான் போனது மதுரை, விமான நிலையம், கொழும்பு, மதவாச்சி, மன்னார் என்று ஒரு பெரிய வட்டம். 1990-ல் கைவிட்ட பாதை. 2015 மார்ச் 14-ல் பியர் ஸ்டேஷன் வரை மறுபடி திறந்தார்கள். விடியும்போது கான்கிரீட் ஸ்லீப்பரில் பனி படிந்திருந்தது. நடைமேடையில் இறங்கிய உடனே என் கால் தானாக லைனுக்குப் போயிற்று. ஜல்லி சுத்தமாக இருந்தது. மணலே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஆள் வைத்துச் சமாளிக்கிற அளவு. குனிந்து கேஜைப் பார்த்தேன். 1676 மில்லிமீட்டர். எங்கள் பக்கம் மானாமதுரை ராமேஸ்வரம் லைனை 2007-ல் பிராட் கேஜாக்கினோம். அந்த வேலையில் நானும் இருந்தேன். ஆக, தொண்ணூறு வருஷமாக ஒத்துப்போகாத கேஜ் ஒத்துப்போய்விட்டது. இப்போது இரண்டு பக்கமும் ஒரே அகலம், ஒரே மாதிரி ஸ்லீப்பர். நடுவே கப்பல்தான் இல்லை.

லைன் முடிகிற இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் பழைய இறங்குதுறை கடலுக்குள் எலும்புக்கூடாக நிற்கிறது. இரும்புக் கால்கள், மேலே பாதி பலகை, அதன்மேல் நீர்க்காகங்கள். ஒரு பையன் அதன் நிழலில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். என்னிடம் சுத்தியல் இல்லை. ஒரு கல்லை எடுத்து இரும்புக் காலில் தட்டிப் பார்த்தேன். பையன் மீன் கலைந்துவிடும் என்று முறைத்தான்.

திரும்பி வந்து டிக்கெட் கொடுக்கும் இடத்தில் நின்றேன். உள்ளே இருந்தவர் தமிழ்க்காரர், முப்பது வயது இருக்கும். வயதானவனுக்கு உள்ள துணிச்சலில், "எழும்பூருக்கு ஒரு டிக்கெட் கிடைக்குமா தம்பி?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என்னை ஒரு முறை பார்த்தார்.

"கப்பல் விட்டால் தாறன் ஐயா. இப்ப எங்க போறீங்கள், மதவாச்சியோ?"

மதவாச்சி என்றேன். சில்லறை கேட்டார்.